மண்ணில்லாமல் அமுக்கரா வேர்: பதினேழாம் எண்ணின் கதை

முதல் முறை செய்தபோது, முளைத்த வேர்களையெல்லாம் சேர்த்து ஒரே குடுவையில் போட்டுவிட்டேன். அதைத் திருத்திக்கொள்ள ஏழு மாதம் ஆனது. அமுக்கராவில் மயிர்வேர் (ஒரு பாக்டீரியா தூண்டிக் கிளம்பும் மெல்லிய வேர்) வளர்க்க நினைக்கும் இன்னொருவருக்கு அந்த ஏழு மாதம் வீணாகக் கூடாது என்றுதான் என் குறிப்பேட்டில் இருப்பதை இங்கே எழுதுகிறேன்.

அமுக்கரா என்கிற அசுவகந்தாவில் மருந்துக்கு முக்கியமாகப் பயன்படுவது வேர். விதைத்து ஐந்தாறு மாதம் கழித்துச் செடியைப் பிடுங்கி வேரை வெட்டிக் காயவைத்தால் அந்தச் செடி அதோடு முடிந்தது. இலையைப் பறித்தால் மறுபடி துளிர்க்கும். வேருக்கு அந்த வழியில்லை. வேரில் இருக்கும் மருந்துப் பொருள்களான வித்தனோலைடுகளின் அளவும் மண், மழை, செடியின் வயது, விதை வந்த இடம் என்று எல்லாவற்றுக்கும் ஏற்ப மாறும். எனக்கு வேண்டியிருந்தது வித்தனோலைடு-ஏ. அது பெரும்பாலும் வேரில் சேர்வது. இலையில் மிகுந்திருப்பது வித்தஃபெரின்-ஏ. ஆகவே இலையை வைத்துச் சமாளிக்கவும் முடியாது. செடி இல்லாமல் வேரை மட்டும் வளர்க்க வேண்டும்.

வேரைத் தனியாக வளர்ப்பது பழைய வேலைதான். 1934இல் பிலிப் வைட் தக்காளி வேரின் நுனியை வெட்டி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரில் தொடர்ந்து வளர்த்துக் காட்டினார். ஆனால் எல்லாச் செடியின் வேரும் தக்காளி வேர் போல ஒத்துழைக்காது. பல செடிகளில் வெட்டிய வேர் நுனி கொஞ்ச நாள் நீண்டு, அப்புறம் நின்றுவிடும். ஆக்சின் ஹார்மோன் கொடுத்து ஓட்டலாம். அதன் அளவு சற்றுக் கூடினாலும் வேர் வேராக இல்லாமல் காலஸ் என்னும் உருவமற்ற செல் கட்டியாகிவிடும்.

இங்கேதான் அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் உதவிக்கு வருகிறது. இப்போது அதை ரைசோபியம் ரைசோஜீன்ஸ் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள்; ஆய்வகத்தில் இன்னும் பழைய பெயர்தான் புழங்குகிறது. மண்ணில் வாழும் இந்தப் பாக்டீரியா, காயம்பட்ட செடியில் நுழைந்து தன்னுடைய ஆர்.ஐ. பிளாஸ்மிட் என்ற வளைய டிஎன்ஏவின் ஒரு துண்டைச் செடியின் மரபணுத் தொகுதிக்குள் செருகிவிடும். அந்தத் துண்டின் பெயர் டி-டிஎன்ஏ. அதில் இருக்கும் ரோல் மரபணுக்கள், குறிப்பாக ரோல்-பி, அந்தச் செல்லை வேராக மாறத் தூண்டும். காயத்திலிருந்து கொத்துக் கொத்தாக மெல்லிய வேர்கள் கிளம்பும். இவைதான் மயிர்வேர். நாற்றங்கால் ஆப்பிள் மரங்களில் வரும் நோயாக 1930இல் விவரிக்கப்பட்டது இதுதான். பாக்டீரியாவின் டிஎன்ஏ செடியின் வேருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்பது 1982இல் உறுதியானது.

இதை ஆய்வகத்தில் செயற்கையாகக் கண்டுபிடித்த தந்திரம் என்று நினைக்க வேண்டாம். நாம் சாப்பிடும் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலேயே அக்ரோபாக்டீரியத்தின் டி-டிஎன்ஏ துண்டுகள் இருப்பதை 2015இல் கண்டறிந்தார்கள். மனிதன் கை வைப்பதற்கு வெகுகாலம் முன்பே மண்ணில் நடந்து முடிந்த காரியம் அது. இதைப் படித்த நாளிலிருந்து பெட்ரி தட்டில் நான் செய்வதை வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

இப்படி வரும் வேருக்கு ஹார்மோன் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம். சர்க்கரையும் உப்புகளும் காற்றும் கிடைத்தால் வளர்ந்துகொண்டே இருக்கும். முழு வேருக்கான கட்டமைப்பு அப்படியே இருப்பதால், செடியின் வேர் செய்யும் பொருள்களை இதுவும் செய்யும். தனிச் செல்களைக் கலக்கிவிட்டு வளர்க்கும் செல் வளர்ப்பில் இது பெரும்பாலும் நடப்பதில்லை. செல் பெருகும், மருந்துப் பொருள் வராது.

முதல் சுற்று, சுருக்கமாக

நாற்பது இலைத் துண்டுகளில் பாக்டீரியாவைத் தொற்றவைத்தேன். பதினைந்து நாளில் வேர் வந்தது. சந்தோஷத்தில் எல்லாவற்றையும் நறுக்கி ஒரே குடுவையில் திரவ ஊடகத்தில் (வேருக்கான சத்து நீரில்) போட்டேன். ஆறாம் நாள் ஊடகம் பால் போலக் கலங்கியது. பாக்டீரியா சாகவில்லை. கலங்கியதைக் கழுவி, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தைக் கூட்டி, மறுபடி கழுவி, எப்படியோ கொஞ்சம் வேரைக் காப்பாற்றினேன். அதை வளர்த்து, காயவைத்து, அளந்து பார்த்தால் வித்தனோலைடு-ஏ ஒரு தடவை நன்றாக இருந்தது, அடுத்த தடவை பாதியாகிவிட்டது, மூன்றாவது தடவை அதற்கும் கீழே. அதே ஊடகம், அதே வெப்பம், குடுவையைச் சுழற்றி ஆட்டும் அதே ஷேக்கர்.

ஏன் என்று பல வாரம் புரியவில்லை. தராசைச் சந்தேகப்பட்டேன், சாற்றிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியைச் சந்தேகப்பட்டேன். எங்கள் ஆய்வகத்தில் வெகுநாளாகத் திசு வளர்ப்பு செய்யும் அக்கா என் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இதுல எது எந்த வேர், தம்பி?"

பதில் இல்லை. அங்கேதான் தவறு இருந்தது. இலையின் காயத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு வேரும் பெரும்பாலும் ஒரே செல்லிலிருந்து வருவது. டி-டிஎன்ஏ எந்தக் குரோமோசோமில் எந்த இடத்தில் போய் உட்கார்ந்தது, எத்தனை பிரதிகள் நுழைந்தன என்பதெல்லாம் வேருக்கு வேர் வேறுபடும். நான் பயன்படுத்திய ஏ4 ஸ்ட்ரெயினில் (இந்தப் பாக்டீரியாவின் ஒரு வகை) டி-டிஎன்ஏ இடது, வலது என்று இரண்டு துண்டாக இருக்கிறது. ரோல் மரபணுக்கள் இடதில். ஆக்சின் தயாரிக்கும் மரபணுக்கள் வலதில். சில வேருக்கு இரண்டும் கிடைக்கும், சிலவற்றுக்கு இடது மட்டும். ஆகவே பக்கத்துப் பக்கத்தில் முளைத்த இரண்டு வேர்கள் உடன்பிறப்புகூட அல்ல, தனித்தனி ஆள்கள். எல்லோரையும் ஒரே குடுவையில் அடைத்தால் வேகமாக வளர்பவர் மற்றவரை அமுக்கிவிடுவார். என் குடுவையில் நடந்தது அதுதான். ஒவ்வொரு மாதமும் வேகமான வேர் பெருகப் பெருக, மருந்துப் பொருளைச் செய்துகொண்டிருந்த மெதுவான வேர் காணாமல் போயிருக்கிறது.

எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கலன்) போட்டு அழித்துவிட்டு விதையிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

இரண்டாம் சுற்று: விதை முதல் தட்டு வரை

அமுக்கரா விதை முளைப்பதில் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். 70 சதவீத எத்தனாலில் அரை நிமிடம், அப்புறம் ஒரு சொட்டு ட்வீன் (சோப்பு போன்றது) சேர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் பத்து நிமிடம், பிறகு கிருமி நீக்கிய நீரில் ஐந்து முறை அலசல். பலர் இதற்கு மெர்குரிக் குளோரைடு பயன்படுத்துகிறார்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பாதரசக் கழிவை எங்கே கொட்டுவது? அதைத் தொடவில்லை. அலசிய விதையை ஜிப்ரெல்லிக் அமிலக் கரைசலில் ஓரிரவு ஊறவைத்தபோது முளைப்பு கண்கூடாகக் கூடியது. நாலைந்து வாரத்தில் இலை வெட்டும் அளவுக்கு நாற்று வந்தது.

ஊடகம் பாதி வலிமை எம்.எஸ். அதாவது முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962இல் வெளியிட்ட கலவையின் உப்புகளைப் பாதியாகக் குறைத்தது. லிட்டருக்கு 30 கிராம் சுக்ரோஸ், பி.எச். 5.8, தட்டுக்கு என்றால் லிட்டருக்கு 8 கிராம் அகார். ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 20 நிமிடம்.

பாக்டீரியாவை ஒய்.இ.பி. என்ற பாக்டீரியா வளர்ப்புத் திரவத்தில் 28 டிகிரியில் ஓரிரவு வளர்த்து, 600 நானோமீட்டர் ஒளியில் கலங்கல் அளவு 0.6 வந்ததும் சுழற்றி இறக்கி, பாதி எம்.எஸ். திரவத்தில் கலக்கிக்கொண்டேன். அதில் 100 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன். காயம்பட்ட செடி வெளிவிடும் பீனால் பொருள் இது. பாக்டீரியா இதை உணர்ந்ததும்தான் டி-டிஎன்ஏவை வெட்டி அனுப்பும் விர் மரபணுக்கள் விழிக்கும். சேர்க்காமலும் வேர் வரும். சேர்த்தபோது எனக்குக் கூடுதலாக வந்தது.

இலையை ஒரு செ.மீ. துண்டுகளாக வெட்டி, நடுநரம்பில் ஸ்கால்பெல் நுனியால் மூன்று நான்கு கீறல் போட்டேன். காயம் ஆழமாக வேண்டாம், நரம்பைத் தொட்டால் போதும். பாக்டீரியாக் கரைசலில் பதினைந்து நிமிடம். எடுத்ததும் வடிதாளில் வைத்து நன்றாக ஒற்ற வேண்டும். இந்த ஒற்றலில் நிதானம் வேண்டும் என்பது முதல் சுற்றில் கற்றது. ஈரத்தோடு தட்டில் வைத்தால் இரண்டே நாளில் இலையைச் சுற்றிப் பாக்டீரியா படலம் கட்டி, இலை கறுத்துப்போகும். ஒற்றிய துண்டுகளை மருந்தில்லாத தட்டில் வைத்து, இருட்டில் 25 டிகிரியில் இரண்டு நாள்.

இந்த முறை அறுபது துண்டுகள். கூடவே பாக்டீரியா தொடாத பத்துத் துண்டுகள், அதே கீறல், அதே ஒற்றல். இந்தப் பத்து இல்லாமல் சோதனை சோதனையே அல்ல. சில செடிகளின் இலை தானாகவே வேர் விடும். ஒப்பிட எதுவும் இல்லாவிட்டால் அந்தச் சாதாரண வேரை மயிர்வேர் என்று நம்பி மாதக்கணக்கில் வளர்ப்போம்.

பாக்டீரியாவை விரட்டுவது

மூன்றாம் நாள் துண்டுகளை செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் கலந்த நீரில் அலசி, லிட்டருக்கு 500 மி.கி. செஃபோடாக்சிம் உள்ள தட்டுக்கு மாற்றினேன். முதல் சுற்றில் இதே அளவுதான் போட்டிருந்தேன், ஆனாலும் பாக்டீரியா பிழைத்தது. குறிப்பேட்டைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அவசரத்தில் அகார் ஆவி பறக்கும்போதே மருந்தைக் கலந்திருக்கிறேன். செஃபோடாக்சிம் சூட்டில் சிதையும். அகார் கையால் பிடிக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாகச் சேர்க்க வேண்டும். குளிர்ந்த தட்டிலும் அது நாளாக ஆக வலுவிழக்கும். தட்டு ஊற்றி இரண்டு வாரம் வைத்திருந்து பயன்படுத்துவதும், துண்டுகளை ஒரே தட்டில் மூன்று வாரம் விட்டுவைப்பதும் பாக்டீரியாவுக்கு நாமே கதவைத் திறந்துவிடுவது போலத்தான். இந்த முறை எட்டு நாளுக்கு ஒருமுறை புதிதாக ஊற்றிய தட்டுக்கு மாற்றினேன்.

பதினொன்றாம் நாள் முதல் வேர். நடுநரம்பின் கீறலில், அரிசி நுனி அளவு வெள்ளைப் புள்ளி. பதினெட்டாம் நாளுக்குள் 26 துண்டுகளில் வேர். பாக்டீரியா தொடாத பத்தில் ஒன்று மட்டும் தடித்த, கிளையில்லாத ஒற்றை வேர் விட்டது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. மயிர்வேர் மெல்லியது, உடம்பெல்லாம் பஞ்சு போல மயிர், அடிக்கடி கிளை, கீழே போக வேண்டும் என்ற கவலையில்லாமல் தட்டின் எல்லாத் திசையிலும் பரவும். சாதாரண வேர் அகாரைத் துளைத்துக்கொண்டு கீழே போனது.

வேர் மூன்று செ.மீ. வந்ததும் நுனியோடு வெட்டி, ஒவ்வொன்றையும் தனித் தட்டில் வைத்தேன். ஒரு தட்டுக்கு ஒரு வேர், ஒரு வேருக்கு ஓர் எண். தட்டின் மூடியில் எழுதவே கூடாது, மூடி மாறும். அடித்தட்டில் எழுதினேன். இரண்டு துண்டில் வெட்டும் பதம் வரவில்லை. ஆக மொத்தம் 24 எண்கள். ஃபோர்செப்ஸை ஒவ்வொரு எண்ணுக்கும் இடையே சுட்டுக் குளிரவைத்தேன். அலுப்பான வேலைதான். ஒரு சுற்று மாற்றி முடிக்க லேமினாரில் (கிருமியில்லாக் காற்று வீசும் மேடை) மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது.

செஃபோடாக்சிமை 500, 250, 100, பிறகு பூஜ்யம் என்று எட்டு நாள் இடைவெளியில் இறக்கினேன். பூஜ்யத்துக்கு வந்த பிறகும் நம்பிவிடவில்லை. ஒவ்வொரு எண்ணிலும் சிறு துண்டை வெட்டி, நசுக்கி, ஒய்.இ.பி. தட்டில் தேய்த்து, 28 டிகிரியில் ஐந்து நாள் பார்த்தேன். மேலே கழுவிய நீரைப் பரப்பிப் பார்த்தால் போதாது. பாக்டீரியா வேரின் செல் இடுக்கில் ஒளிந்திருக்கும், நசுக்கினால்தான் வெளியே வரும். மூன்று எண்களில் வந்தது. ஐந்து எண்கள் இதற்கிடையே காலஸாகவோ பழுப்பாகவோ மாறி நின்றுபோயின. மிச்சம் 16.

பதினாறுக்கும் பிசிஆர், அதாவது தேடும் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை; மரபணு இருந்தால் பட்டை விழும். ரோல்-பி இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அதோடு நிறுத்திவிடக் கூடாது. பாக்டீரியா ஒட்டிக்கொண்டிருந்தாலும் ரோல்-பி பட்டை விழுமே! அதனால் விர்-டி2 மரபணுவையும் சேர்த்துத் தேடினேன். அது டி-டிஎன்ஏவுக்கு வெளியே இருப்பது, செடிக்குள் போகாது. ரோல்-பி தெரிந்து விர்-டி2 தெரியாமல் இருந்தால்தான் அது பாக்டீரியா இல்லாத உண்மையான மயிர்வேர். பதினைந்து எண்கள் தேறின. ஒன்றில் இரண்டு பட்டையும் இல்லை. தோற்றத்தில் ஏமாற்றிய சாதாரண வேர்.

எதை எடுப்பது

ஷேக்கரில் எட்டு எண்களுக்குத்தான் இடம். வேகமாக வளர்ந்த எட்டை எடுக்கப் போனேன். தட்டு முழுக்கப் பரவிய 9ஆம் எண்ணும் 4ஆம் எண்ணும் பார்க்கவே அழகாக இருந்தன. 17ஆம் எண் மெல்லியது, கிளை குறைவு, மூன்று வாரத்தில் தட்டின் பாதியைக்கூடத் தொடவில்லை. நுனிக்குப் பின்னால் இலேசான மஞ்சள் சாயல். குப்பைக்குப் போகும் வரிசையில் அதை வைத்திருந்தேன்.

அக்கா அப்போது சொன்னார்: "வேகமா வர்றதை மட்டும் எடுத்தா, போன தடவை குடுவை உனக்குச் செஞ்ச வேலையை இந்தத் தடவை நீயே செய்யுற."

சரிதான். ஐந்து வேகமானவை, மூன்று மெதுவானவை என்று எடுத்துக்கொண்டேன். மெதுவான மூன்றில் ஒன்று 17.

திரவத்தில்

250 மி.லி. குடுவையில் 50 மி.லி. பாதி எம்.எஸ்., அரை கிராம் ஈர வேர், நிமிடத்துக்கு 90 சுற்று, இருட்டு, 25 டிகிரி. ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று குடுவைகள். வேரை நுனியுள்ள துண்டுகளாக வெட்டிப் போட வேண்டும். நுனியில்லாத நடுத்துண்டும் கிளைவிடும், ஆனால் ஒரு வாரம் தாமதிக்கும். குடுவைக்குக் குடுவை நுனிகளின் எண்ணிக்கை வேறுபட்டால் எடையை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

வேர் திரவத்தில் வளர்வதைப் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. முதல் வாரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். இரண்டாம் வாரம் கிளைகள் நட்சத்திரம் போல விரியும். மூன்றாம் வாரம் குடுவையின் சுழற்சியே அதை உருண்டையாகக் கட்டிவிடும். நான்காம் வாரம் வெள்ளைப் பந்து.

அந்தப் பந்தில்தான் சிக்கலும். 9ஆம் எண் பந்தை ஐந்தாம் வாரம் வெட்டிப் பார்த்தேன். வெளியே வெள்ளை, உள்ளே பழுப்பு. வேர்கள் நெருங்கிப் பின்னிக்கொண்டதும் நடுவில் திரவம் ஓடாது, காற்று போகாது. ஆக்சிஜன் நீரில் கரைவதே குறைவு. வேர்க்கூட்டத்தின் நடுவுக்குப் போவதற்குள் வெளிச்சுற்று வேரே அதைத் தீர்த்துவிடுகிறது. சுற்றைக் கூட்டினால் காற்று கூடும், ஆனால் நுனிகள் அடிபட்டுக் காலஸ் கட்டும். 120 சுற்றில் 4ஆம் எண் அப்படித்தான் கெட்டது. 90க்குத் திரும்பி, நான்காம் வாரமே அறுவடை என்று முடிவு செய்தேன்.

வளர்ச்சியை அளக்கக் குடுவையைத் திறந்து வேரை எடுத்தால் அந்தக் குடுவை அதோடு முடிந்தது. இதற்கு நல்ல வழி இருக்கிறது. வேர் உப்புகளை உறிஞ்ச உறிஞ்ச ஊடகத்தின் மின்கடத்துத்திறன் இறங்கும். இறங்கும் அளவு வேரின் எடை கூடும் அளவோடு கிட்டத்தட்ட நேர்விகிதத்தில் போகும். லேமினாருக்குள் ஓரிரு மி.லி. உறிஞ்சி எடுத்து கன்டக்டிவிட்டி மீட்டரில் வைத்தால் போதும். பி.எச்சையும் அதே துளியில் பார்த்துவிடலாம். 5.8இல் தொடங்கி முதல் வாரத்தில் 4.6 வரை இறங்கி, அப்புறம் மெதுவாக ஏறும். வேர் முதலில் அம்மோனியத்தை எடுத்துக்கொண்டு புளிப்பை வெளிவிடுகிறது. அது தீர்ந்த பிறகு நைட்ரேட்டை எடுக்கும்போது பி.எச். திரும்புகிறது. முதன்முதலில் 4.6 பார்த்தபோது கான்டாமினேஷன் (கிருமி புகுந்துவிட்டது) என்று பயந்து ஒரு நல்ல குடுவையை அழித்தேன். பி.எச். இறங்கினால் உடனே அழிக்காதீர்கள். கலங்கலா என்று முதலில் பாருங்கள்.

அளந்த நாள்

அறுவடை செய்த வேரை நீரில் அலசி, வடிதாளில் ஒற்றி, ஈர எடை எடுத்து, 40 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை காயவைத்தேன். பொடித்து, 100 மி.கி. பொடியை மெத்தனாலில் சோனிகேட்டர் தொட்டியில் அரை மணி நேரம், இப்படி மூன்று முறை. மூன்றையும் சேர்த்து ஆவியாக்கி, ஒரு மி.லி. மெத்தனாலில் கரைத்து, வடிகட்டி, எச்பிஎல்சியில் சி18 பத்தியில் ஓட்டி 227 நானோமீட்டரில் பார்த்தேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வித்தனோலைடு-ஏ, வித்தஃபெரின்-ஏ இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே: 28 கார்பன், 38 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். எடையும் ஒன்றே. நிறைமானியில் மூலக்கூறின் எடையை மட்டும் பார்த்து இது அதுதான் என்று சொல்லிவிட முடியாது. இரண்டின் தூய மாதிரியையும் வாங்கி ஓட்டி, எது எந்த நிமிடத்தில் வருகிறது என்று முதலில் நிலைநிறுத்த வேண்டும். அப்புறம் உங்கள் சாற்றிலேயே தூய மாதிரியைக் கொஞ்சம் கலந்து ஓட்டிப் பாருங்கள். அதே சிகரம் உயர்ந்தால் சரி, பக்கத்தில் தோள் முளைத்தால் அது வேறு பொருள்.

எட்டு எண்களும் ஓடி முடிய இரண்டு நாள் ஆனது. 9ஆம் எண் நான்கு வாரத்தில் அரை கிராமிலிருந்து ஏழரை கிராம் ஈர எடைக்கு வந்திருந்தது. 17ஆம் எண் நாலரை கிராம்தான். ஆனால் ஒரு கிராம் காய்ந்த வேரில் இருந்த வித்தனோலைடு-ஏ, 9ஐவிட 17இல் மூன்று மடங்கு. குடுவைக்குக் கணக்குப் போட்டால் எடைக் குறைவையும் கழித்து 17 ஏறக்குறைய 1.8 மடங்கு கொடுக்கிறது. மூன்று குடுவையிலும் கிட்டத்தட்ட அதே எண். அடுத்த மாதமும் அதே. அதற்கடுத்த மாதமும்.

அந்த மூன்றாவது மாத முடிவைப் பார்த்த மாலை நான் கொஞ்ச நேரம் கருவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். முதல் சுற்றில் மாதத்துக்கு மாதம் சரிந்த அதே அளவு, இப்போது அசையாமல் நிற்கிறது. கருவியும் தராசும் ஊடகமும் அன்றும் சரியாகத்தான் இருந்திருக்கின்றன.

மெதுவான மற்ற இரண்டும் 17 போல இல்லை. ஒன்று 9ஐவிட மோசம். ஆகவே மெதுவாக வளர்வதே நல்ல வேர் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொன்றையும் அளக்காமல் தெரியாது, அவ்வளவுதான்.

மீத்தைல் ஜாஸ்மோனேட்

பூச்சி கடித்தாலோ காயம்பட்டாலோ செடி தனக்குள் அனுப்பும் எச்சரிக்கை ஜாஸ்மோனிக் அமிலமும் அதன் உறவுப் பொருள்களும். வெளியிலிருந்து மீத்தைல் ஜாஸ்மோனேட் கொடுத்தால் வேர் தாக்குதல் என்று நினைத்துத் தற்காப்புப் பொருள்களைக் கூட்டும். வித்தனோலைடுகளும் அந்த வகைதான். அது நீரில் கரையாது, எத்தனாலில் கரைத்துச் சேர்க்க வேண்டும். அதனால் ஒப்பீட்டுக் குடுவைக்கும் அதே அளவு எத்தனால் போட்டாக வேண்டும். எத்தனாலே வேரைச் சற்றுக் கலக்கும்.

முதல் நாளிலேயே 100 மைக்ரோமோலார் சேர்த்த குடுவைகளில் வேர் வளரவே இல்லை. தற்காப்புக்குப் போகும் வேர் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. வளர்ந்து முடித்த பிறகு, 22ஆம் நாள் சேர்த்து 28ஆம் நாள் எடுத்ததில் 17ஆம் எண்ணின் அளவு இரு மடங்கைத் தாண்டியது. வேர் இலேசாகப் பழுத்தது, எடை பெரிதாகக் குறையவில்லை. அதே நாளில் 9ஆம் எண்ணுக்கும் கொடுத்தேன். அது கொஞ்சம்தான் ஏறியது. தூண்டுதலுக்குப் பதில் சொல்வதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. நான்கு வாரத்துக்கு ஒருமுறை சப்கல்ச்சர், அதாவது புது ஊடகத்துக்கு மாற்றுவது. எல்லா எண்களையும் அகார் தட்டிலும் தனியாக வைத்திருக்கிறேன்; ஷேக்கர் ஓரிரவு நின்றுபோய் இரண்டு எண்களை இழந்த பிறகு வந்த பழக்கம், தட்டில் இருந்துதான் அவற்றை மீட்டேன். இது மரபணு மாறிய வேர் என்பதால் உயிரியல் பாதுகாப்பு அனுமதியோடுதான் செய்ய வேண்டும்; கழிவு ஒரு துண்டுகூட ஆட்டோகிளேவுக்குள் போகாமல் வெளியே போகக் கூடாது. கழுவிய நீரும் அப்படித்தான். இந்த வேரை மருந்தாக யாரும் வாயில் வைக்கவும் கூடாது. நான் செய்திருப்பது அளவெடுப்பு மட்டுமே.

ஒரு லிட்டர்

இப்போது 17ஆம் எண்ணை ஒரு லிட்டர் கண்ணாடிக் கலனுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறேன். கீழேயிருந்து வடிகட்டிய காற்றைக் குமிழியாக விடும் கலன். ஆட்டமில்லை, அதனால் நுனி அடிபடாது. முதல் முயற்சியில் வேர்த் துண்டுகள் எல்லாம் அடியில் போய், காற்று வரும் தட்டின் மேலேயே படிந்து, குமிழியை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டன. ஒரு பக்கம் கொழித்தது, இன்னொரு பக்கம் பன்னிரண்டு நாளில் பழுத்துச் செத்தது. செல் வளர்ப்பு என்றால் பிப்பெட்டில் உறிஞ்சிச் சமமாகக் கலந்துவிடலாம். வேருக்கு அது நடக்காது. அது எங்கே விழுகிறதோ அங்கேயே வாழும்.

இரண்டாம் முயற்சியில் கலனுக்குள் துருப்பிடிக்காத எஃகு வலையை மூன்று அடுக்காகத் தொங்கவிட்டு, நுனியுள்ள துண்டுகளை ஒவ்வோர் அடுக்கிலும் கையால் பரப்பினேன். வேர் வலையைப் பிடித்துக்கொண்டது. இன்று 19ஆம் நாள். தொடங்கும்போது சுமார் 3 மில்லிசீமன்ஸ் இருந்த கடத்துத்திறன் காலையில் 1.4. மூன்று அடுக்கும் வெள்ளையாக இருக்கின்றன. நடு அடுக்கின் ஓரத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு இலேசான பழுப்பு. அது பரவுகிறதா என்று தினமும் காலையும் மாலையும் படம் எடுத்து வைக்கிறேன். பரவாவிட்டால் 22ஆம் நாள் ஜாஸ்மோனேட் சேர்த்து, 28ஆம் நாள் கலனைத் திறப்பேன். மூன்று அடுக்கையும் தனித்தனியாக எடை போட்டு, தனித்தனியாகவே அளக்கப் போகிறேன்.